பதினைந்து வாஷ் வரும்

எங்கள் ஊரில் வாஷிங் மெஷின் கரண்ட்டில் ஓடுவதில்லை. வீட்டில் இருப்பவர்களின் கோபத்தில் ஓடுகிறது. ஒரு கிலோ துணிக்கு நூறு கிராம் கோபம் பிடிக்கும். அதனால் மெஷின் வாங்க நினைப்பவர்கள் முதலில் வீட்டில் மொத்தம் எவ்வளவு கோபம் தேறும் என்று பார்த்துக்கொண்டுதான் எத்தனை கிலோ மெஷின் என்று முடிவு செய்வார்கள். கோபம் குறைவான வீட்டில் பெரிய மெஷினை வைத்தால் பாதியில் நின்றுவிடும், துணி சோப்புத் தண்ணீரிலேயே கிடக்கும். கோபம் மிஞ்சிப் போனால் மெஷின் இடத்தை விட்டு நடக்க ஆரம்பித்துவிடும். போன வருடம் தபால் ஆபீஸ் தெருவில் ஒரு மெஷின் மாமனார் மருமகன் சண்டையில் கிளம்பி ரயில்வே கேட் வரைக்கும் போய்விட்டது. கேட் மூடியிருந்ததால் நின்றதாம்.

எங்கள் வீட்டில் ஆறு பேர். என் கணவர் மாசிலாமணி விதைக் கம்பெனியில் சூப்பர்வைசர். அவருடைய அம்மா. அவருடைய தம்பி திரவியம், லேத் பட்டறையில் வேலை, சட்டையெல்லாம் கிரீஸ். மகள் ஓவியா ஒன்பதாவது, மகன் கவின் நாலாவது. ஆறாவது ஆள் நான், செண்பகவல்லி. ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கிறேன். மூச்சை இழுத்துப் பிடிங்க, விடாதீங்க, இப்ப விடுங்க என்று நாள் முழுக்க மற்றவர்களுக்குச் சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்தால், ஆறு பேர் துணியும் ஒரு நீலப் பக்கெட்டில் எனக்காக ஊறிக்கொண்டிருக்கும்.

எந்த மெஷின் வாங்குவது என்று மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் ஹாலில் கூட்டம் போட்டார்கள். நான் பின்பக்கம் துவைத்துக்கொண்டே கேட்டேன். திரவியத்துக்கு கிரீஸ் போக வேண்டும். ஓவியாவுக்கு யூனிஃபார்ம் காலையில் காய்ந்திருக்க வேண்டும். அத்தைக்கு, பட்டுக்கரை போட்ட நூல்புடவை சுருங்கக் கூடாது. கவினுக்கு உள்ளே சுற்றுவது வெளியே தெரிய வேண்டும். என் கணவருக்கு பத்து வருட வாரண்டி வேண்டும். துவைக்கிறவளுக்கு என்ன வேண்டும் என்று கேட்க ஒரு நாக்கு அங்கே புரளவில்லை. நடுவில் என் கணவர் எழுந்து வந்து, பேசுவது காதில் விழவில்லை, கல்லில் கொஞ்சம் மெதுவாக அடி என்று சொல்லிவிட்டுப் போனார். மெதுவாக அடித்தேன். பல்லைக் கடித்ததில் கடைவாய்ப்பல் ஒன்று விரிசல் விட்டது.

நாலாவது ஞாயிறு எல்லோரும் கடைக்குப் போனோம். விற்பனைக்காரர் பொறுமையாக விளக்கினார். கத்தித் தீர்த்துவிட்டு அடுத்த நிமிடம் காப்பி கேட்கிறவர்கள் உள்ள வீட்டுக்கு டாப் லோடு. கதவைச் சாத்திக்கொண்டு உள்ளேயே சுற்றவிடுகிறவர்கள் உள்ள வீட்டுக்கு ஃப்ரண்ட் லோடு. ஃப்ரண்ட் லோடில் தண்ணீர் குறைவாகப் பிடிக்கும், துணியும் நன்றாக வெளுக்கும் என்றார். என் கணவர் சிரித்துக்கொண்டே, எங்கள் வீடு டாப் லோடுதான், எல்லோருக்கும் மூக்கு நுனியில் கோபம், இவளுக்கு மட்டும் கோபமே வராது என்றார். கல்யாண வீடுகளில் அத்தை என்னைப் பற்றி இதையேதான் சொல்வார்கள். நல்ல சமையல்காரி என்று சொல்வது மாதிரி சொல்வார்கள். 

எனக்குக் கோபம் இருந்தது. ஒன்றே ஒன்றுதான், ஆனால் பெரியது. பதினோரு வருடத்துக்கு முன்னால் ஒரு வியாழக்கிழமை விடியும்போது என் அம்மா இறந்துபோனாள். தம்பி போன் செய்தான். அம்மா ஊருக்கு ஆறே முக்காலுக்கு ஒரு பஸ், அதை விட்டால் மத்தியானம்தான். நான் பையைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வந்தபோது என் கணவர் சொன்னார், "ஊறப்போட்ட துணிய அலசிப் போட்டுட்டுக் கிளம்பு. நாறிடும்."

அலசினேன். அதைத்தான் இன்றைக்கும் என்னால் தாங்க முடியவில்லை. பக்கெட்டை உதைத்துத் தள்ளிவிட்டுப் போகாமல், குத்துக்காலிட்டு உட்கார்ந்து மூன்று தண்ணீர் அலசி, பிழிந்து, கொடியில் கிளிப் போட்டுவிட்டுப் போனேன். பஸ் போய்விட்டது. மத்தியான பஸ்ஸில் போய் இறங்கியபோது அம்மாவை எடுத்துவிட்டிருந்தார்கள். வாசலைக் கழுவி விட்டிருந்தது. அன்றைக்குப் போன அந்த ஆறே முக்கால் பஸ் அதற்குப் பிறகு எங்கள் ஊருக்கு வரவே இல்லை. ரூட்டை எடுத்துவிட்டார்கள் என்றார்கள்.

அந்தக் கோபத்தை நான் யாரிடமும் காட்டவில்லை. ஆஸ்பத்திரியில் கூட்டமில்லாத ஒரு மத்தியானம் என்னையே படமெடுத்துப் பார்த்தேன். இடது விலாவுக்குக் கீழே எலுமிச்சம்பழ அளவில் வெள்ளையாகத் தெரிந்தது. போன வருடம் எடுத்தபோது இளநீர் அளவுக்கு வந்திருந்தது. டாக்டரிடம் காட்டினேன். கோபம்தான், பயப்பட ஒன்றுமில்லை, தண்ணீர் நிறையக் குடிங்க என்றார். அம்மாவின் தோடு, பித்தளை அண்டா எல்லாம் தம்பி வீட்டில் இருக்கின்றன. அம்மா சம்பந்தப்பட்டதாக என்னிடம் இருந்தது இது ஒன்றுதான். இதைத் துணிக்குப் போட எனக்கு மனமில்லை. அதனால் கோபம் எடை பார்க்கிற பேச்சு வந்தபோது வாயே திறக்கவில்லை.

சனிக்கிழமை காலையில் மெஷின் கம்பெனி எடைக்காரர் ஆவுடையப்பன் தராசோடு வந்தார். முதலில் சும்மா ஏறி நிற்க வேண்டும். பிறகு கோபம் வருகிற ஒன்றை நினைத்துக்கொண்டு நிற்க வேண்டும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் கோபம். என் கணவர் மேனேஜரை நினைத்தார், இருநூற்றைம்பது கிராம். அத்தை பக்கத்து வீட்டுக்காரி நம் வாசலில் தண்ணீர் திருப்பிவிடுவதை நினைத்தார்கள், இருநூறு. திரவியம் கிரிக்கெட்டை நினைத்து எண்பது. ஓவியா ஈர யூனிஃபார்மை நினைத்து அறுபது. கவின் தொலைந்துபோன ரப்பரை நினைத்தான், பத்து. மொத்தம் அறுநூறு கிராம். ஆறு பேர் துணிக்கு எட்டுக் கிலோ மெஷினாவது வேண்டும், அதற்கு எண்ணூறு கிராம் வேண்டும், இருநூறு குறைகிறது என்றார் ஆவுடையப்பன். இதெல்லாம் அன்றாடக் கோபம், செலவானாலும் மறுநாள் காலையில் ஊறிவிடும், இன்னொரு இருநூறு மட்டும் கிடைத்தால் போதும் என்றார்.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் ஏறினேன். சும்மா நின்றபோது அறுபத்திரண்டு கிலோ. கோபத்தை நினைத்துக்கொண்டு நின்றபோதும் அறுபத்திரண்டு. வித்தியாசம் ஒன்றுமில்லை. அத்தை பெருமையாகத் தலையை ஆட்டினார்கள். நான் இறங்கப் போனேன். ஆவுடையப்பன் மட்டும் என் மணிக்கட்டைப் பார்த்தார், கழுத்தெலும்பைப் பார்த்தார்.

"இருங்கக்கா. ஆளப் பாத்தா அம்பதுக்கு மேல போகாது. மீதி பன்னெண்டு கிலோ எங்கருந்து வருது?" என்றார்.

கோபத்தைக் கீழே இறக்கியே வைக்காதவர்களுக்கு வித்தியாசம் காட்டாது, சும்மா நிற்கும்போதும் அது கூடவேதான் நிற்கும் என்று அவர் மற்றவர்களுக்கு விளக்கினார். இவ்வளவு பழைய சரக்கு ஊரில் மூன்று வீட்டில்தான் இருக்கிறது, இது நின்று எரியும், ஃப்ரண்ட் லோடே வாங்கிவிடுங்கள் என்றார். ஆனால் பழைய கோபம் ஒருமுறை செலவானால் செலவானதுதான், திரும்ப ஊறாது என்றும் சொன்னார்.

பன்னிரண்டு கிலோ கோபம் எதற்கு வந்தது என்று யாராவது கேட்பார்கள் என்று நான் நின்றேன். என்னோடு பதினாறு வருடம் ஒரே வீட்டில் சாப்பிட்டவர்கள். என் கணவர் கேட்டார், "எத்தன வாஷ் வரும்?"

"ஃபுல் லோடா போட்டா பதினஞ்சு வாஷ் வரும்."

"அதுக்கப்புறம்?"

"அதுக்கப்புறம் அக்கா சாந்தமாயிருவாங்க."

நல்லதுதானே என்றார்கள் அத்தை. அன்றாடக் கோபத்தை வைத்து அதன்பிறகு அரை லோடு அரை லோடாக ஓட்டிக்கொள்ளலாம், பழையது இருக்கும்போதே போர்வை, ஜன்னல் திரை, சோபா உறை என்று கனமானதையெல்லாம் போட்டுவிடலாம் என்று திட்டமும் சொன்னார்கள். மதினிக்கு இவ்வளவு இருக்கும் என்று நினைக்கவே இல்லை என்று திரவியம் என்னைப் பாராட்டினான். என் அம்மாவை சோபா உறைக்குப் போடுகிறார்கள். 

"இது துணிக்கு இல்ல," என்றேன்.

"பின்ன எதுக்குடி வச்சிருக்கே?" என்றார்கள் அத்தை.

எதற்கு என்று எனக்கும் சொல்லத் தெரியவில்லை. அதுதான் என்னைத் தோற்கடித்தது. ஆவுடையப்பன் நீட்டிய படிவத்தில் கோபம் வைத்திருப்பவர் சம்மதம் என்று ஓர் இடம் இருக்கும் என்று பார்த்தேன். குடும்பத் தலைவர் கையொப்பம் என்று மட்டும்தான் இருந்தது. என் கணவர் போட்டுவிட்டார்.

செவ்வாய்க்கிழமை காலை ஆறு மணிக்கு மெஷின் வந்தது. எட்டுக் கிலோ, வெள்ளை, வட்டக் கண்ணாடிக் கதவு. பொருத்த வந்தவர் குழாயை மாட்டிவிட்டு, மேலே ஒரு கை அச்சு இருப்பதைக் காட்டினார். கோபக்காரர் வலது கையை அதில் வைத்தால் ஓடும், எடுத்தால் நின்றுவிடும். கொஞ்சம் கொஞ்சமாக நினைக்க வேண்டும், ஒரு வாஷுக்கு எண்ணூறு கிராமுக்கு மேல் நினைத்துவிடக் கூடாது என்று எச்சரித்தார். என் கணவர் இரவே நீலப் பக்கெட்டில் துணியை ஊறவைத்திருந்தார். முதல் வாஷ் பளிச்சென்று வர வேண்டுமாம். அதில் அவருடைய சட்டைகள், திரவியத்தின் கிரீஸ் பேண்ட், அத்தையின் போர்வை எல்லாம் இருந்தன. அப்படியே அள்ளி மெஷினுக்குள் போட்டுக் கதவைச் சாத்தினார். எல்லோரும் சுற்றி நின்றார்கள். கவின் கண்ணாடிக்கு நேராகத் தரையில் உட்கார்ந்துகொண்டான்.

நான் கையை வைக்கவில்லை. முதலில் என் கணவர் அதட்டவில்லை, கெஞ்சினார். பிறகு கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"செண்பா, எதையாச்சும் சீக்கிரம் நெனச்சுட்டு வேலையப் பாரு. ஊறப்போட்ட துணி நாறிடும்."

அதே வார்த்தை, அதே குரல், அதே பக்கெட். பதினோரு வருடத்துக்கு முன்னால் சொன்னது அவருக்கு ஞாபகம் இருக்கிறதா என்று முகத்தைப் பார்த்தேன். இல்லை. துளிகூட இல்லை. அந்த மனிதர் அதை அன்றைக்கே சொல்லி அன்றைக்கே மறந்துவிட்டார். நான்தான் அதைப் பன்னிரண்டு கிலோவாக விலாவுக்குக் கீழே தூக்கிக்கொண்டு, அவர் சட்டையையும் துவைத்துக்கொண்டு திரிந்திருக்கிறேன்.

கையை வைத்தேன். எண்ணூறு கிராம் எல்லாம் பார்க்கவில்லை. முழுவதையும் நினைத்தேன்.

மெஷின் ஒரு சுற்று சுற்றிவிட்டு நடக்க ஆரம்பித்தது. குழாய் பிய்ந்துகொண்டு தண்ணீர் பீய்ச்சியது. கவின் எழுந்து வழிவிட்டான். அது ஹாலைத் தாண்டி, வாசல் படி இறங்கி, தெருவுக்கு வந்தது. நான் கையை எடுக்காமல் கூடவே நடந்தேன். பின்னால் என் கணவர், கையை எடு, கையை எடு என்று கத்திக்கொண்டு வந்தார். அவருடைய கோபம் இருநூற்றைம்பது கிராம்தான், முக்குக் கடை வரைக்கும்கூட வரவில்லை. பால் வாங்கப் போனவர்கள் ஓரமாக ஒதுங்கினார்கள். ஒரு அம்மா, ஃப்ரண்ட் லோடா என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

மெஷின் நேராகப் பஸ் ஸ்டாண்டுக்குப் போனது. கடைசி மேடையில் அந்த ஆறே முக்கால் பஸ் நின்றுகொண்டிருந்தது. கண்டக்டர் இறங்கி வந்து மெஷினை ஒரு பக்கம் பிடித்து ஏற்றினார். எனக்கு ஒரு டிக்கெட்டும் அதற்கு லக்கேஜ் டிக்கெட்டும் கிழித்தார்.

"துணி அலசியாச்சாம்மா?" என்றார்.

"இல்ல."

அவர் விசில் கொடுத்தார். பஸ் கிளம்பியது. வழியெல்லாம் மெஷின் என் கைக்குக் கீழே அதிர்ந்துகொண்டே வந்தது. கண்ணாடிக்குள் என் கணவரின் சட்டைகள் ஒன்றையொன்று அறைந்துகொண்டு சுற்றின. பார்க்க நன்றாக இருந்தது.

அம்மா வீட்டு வாசலில் பந்தல் போட்டிருந்தது. பதினோரு வருடமாக நாற்காலியில் உட்கார்ந்திருந்த சொந்தக்காரர்கள் எழுந்து வழிவிட்டார்கள். தம்பி வெயிலைப் பார்த்துவிட்டு, பரவாயில்லை அக்கா, நேரம் இருக்கிறது என்றான். அம்மாவைப் பெஞ்சில் கிடத்தியிருந்தார்கள். தலைமாட்டில் விளக்கு எரிந்தது. நான் மெஷினைப் பந்தக்காலுக்குப் பக்கத்தில் நிறுத்தினேன். கையை எடுத்தேன். அது நின்றது. துணி சோப்பு நுரையோடு கண்ணாடிக்குப் பின்னால் கீழே சரிந்து விழுந்தது.

போன் அடித்தது. என் கணவர்.

"துணி என்னாச்சு?"

"ஊறுது."

"நாறிடும் செண்பா."

"நாறட்டும்," என்று சொல்லி வைத்தேன்.

அம்மா காலை மடக்கி பெஞ்சில் எனக்கு இடம் விட்டாள். நான் உட்கார்ந்தேன்.