கடைசியில் யாரும் சாகாத படங்கள்

கத்திக்குத்து வாங்கி, மாடியிலிருந்து விழுந்து, மேலே லாரியும் ஏறிய பிறகு கதாநாயகன் எழுந்து மகளோடு கிளம்பிவிட்டான். அப்புசாமிக்குச் சந்தேகம் வந்தது.

“புள்ளை ‘அப்பா, ஊட்டுக்குப் போலாம்’னு சொல்லுதுங்க,” என்று டிவியில் ஓடிய ஆங்கில எழுத்தை மனைவி பூவாத்தாள் தமிழில் வாசித்தாள். “அவ்வளவுதானுங்க, படம் முடிஞ்சுது.”

“புள்ளை கொரலே கேக்கலியே.”

“மெல்லமாச் சொல்லுச்சுங்க.”

அப்புசாமியின் காதைப் பற்றிக் கருமத்தம்பட்டியில் ஒரு பேச்சு உண்டு. முப்பது தறி ஓடுகிற சத்தத்துக்கு நடுவே, வெளியே கட்டிலில் படுத்துக்கொண்டே, எந்தத் தறியில் நூல் அறுந்தது என்று சொல்வார். அறுந்த நூல் என்ன நிறம் என்றும் சொல்வார். இதை நம்பாதவர்கள் ஊரில் இரண்டே பேர். அவர்களும் சோமனூரிலிருந்து குடிவந்தவர்கள். அப்பேர்ப்பட்ட காதில் ஒரு சிறுமியின் குரல் விழவில்லை. காற்று அடிப்பதும் ஓர் ஆம்பளை மூச்சு வாங்குவதும்தான் கேட்டன.

கொரியப் படம் அவருக்குப் பழைய சகவாசம். காந்திபுரத்தில் தெருவோரம் டிவிடி விற்ற காலத்திலிருந்து பார்க்கிறார். அன்றைய படங்களில் யாருக்கும் சண்டை போடவே தெரியாது. ஓங்கின கோடாலி காம்பு கழன்று, ஓங்கினவன் காலிலேயே விழும். இரண்டு பேர் கட்டிப் புரண்டு, பாதியில் உட்கார்ந்து இளைப்பாறி, மறுபடி அடித்துக்கொள்வார்கள். துப்புத் துலக்குகிற போலீஸ்காரனுக்கு வயிற்றுவலி இருக்கும். கொலைகாரன் அகப்பட மாட்டான். அகப்பட்டாலும் போனவர் போனவர்தான். அப்படி ஒன்றைப் பார்த்தால் இரண்டு நாளைக்கு அப்புசாமிக்குச் சோறு இறங்காது. “காசு குடுத்து வயித்தெரிச்சலை வாங்கிட்டு வாரீங்களே,” என்பாள் பூவாத்தாள். அந்த எரிச்சல்தான் சரக்கு என்பது அவர் கட்சி.

பிறகு உலகமே பார்க்க ஆரம்பித்தது. அவர் கண்ணெதிரிலேயே கதாநாயகனுக்குப் புஜம் பெருத்தது. ஒரு குத்துக்கு ஒன்பது பேர் பறந்தார்கள். பறந்தவர்களில் ஒருவன் போகிற வழியில் ஜோக்கடித்தான். துரத்துகிறவனும் ஓடுகிறவனும் நடுவில் நின்று பொரித்த கோழி தின்றார்கள், கடைப் பெயர் தெரிகிற மாதிரி. இரண்டாம் பாகம், மூன்றாம் பாகம் என்று போனதால் யாருக்கும் சாக நேரமில்லை. அப்புசாமிக்கு இதில் ஆச்சரியம் இல்லை. சீமை ஆர்டர் குவிய ஆரம்பித்தால் அங்குலத்துக்கு நாலு இழை குறையும். துணி பளபளக்கும், தூக்கிப் பிடித்தால் எதிரே நிற்பவர் மூஞ்சி தெரியும்.

அதெல்லாம் கண் தெரிந்தபோது. போன வருஷம் பார்வையின் நடுவில் ஒரு புகை வந்து உட்கார்ந்துகொண்டது. ஓரங்கள் தெரியும், நேரே பார்க்கிற முகம் மட்டும் இருக்காது. எல்லா வில்லனுக்கும் ஒரே ஆள் குரல் கொடுக்கிறான் என்று டப்பிங்கை அவர் ஒதுக்கிவிட்டதால், பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் நடத்தி ஓய்வு பெற்ற பூவாத்தாள் பக்கத்தில் உட்கார்ந்து வாசிக்க ஆரம்பித்தாள். அன்றிலிருந்து ஒரு படத்தில்கூட நல்லவன் செத்ததில்லை. எவ்வளவு மட்டமான நெசவுக்காரனும் எப்போதாவது கை தவறி நல்ல துணி நெய்துவிடுவான். கொரியாக்காரன் ஒரு தடவைகூடக் கை தவறவில்லை என்பதுதான் இடித்தது.

படத்தோடு போனால் பரவாயில்லை. போன மாதம் கோயமுத்தூர் கண்ணாஸ்பத்திரியில் அவருக்குச் சொட்டு மருந்து விட்டு உட்கார வைத்துவிட்டு, டாக்டர் பூவாத்தாளை வெளியே கூப்பிட்டு இங்கிலீஷில் பேசினார். நெடுநேரம் பேசினார். திரும்பி வந்தவள், “இன்னும் ரெண்டு ஊசி போட்டாச் செரியாயிருமாமுங்க,” என்றாள். அவ்வளவு பேச்சுக்கு இவ்வளவு சின்ன மொழிபெயர்ப்பா? இப்போது யோசித்தால், அந்தக் குரலும் சற்றுமுன் படத்தை முடித்துவைத்த குரலும் ஒரே தறியின் பாவில் ஓடிய இழைகள்.

தையில் வெள்ளகோவில் பேத்தி கனிஷ்காவுக்குக் கல்யாணம். கண் சரியாகும் என்றால் மணவறையிலேயே அவள் முகத்தைப் பார்த்துக்கொள்ளலாம். ஆகாது என்றால், ஓரத்தில் மிச்சமிருப்பதும் கரைவதற்குள் வெள்ளகோவில் போய்ப் பார்த்துவிட வேண்டும். பூவாத்தாளையே கேட்கலாம்தான். அவள் சொல்வதை யார் வாசித்துக் காட்டுவது?

அடுத்த ஞாயிறு மத்தியானம், அவள் அடுப்படியில் இருந்தபோது ரிமோட்டில் வாயை வைத்து ஒரு பழைய படத்தின் பெயரைச் சொன்னார். அவள் பரீட்சைப் பேப்பர் திருத்த ஈரோடு போயிருந்த நாட்களில் தனியாக மூன்று தரம் பார்த்தது. மகளைத் தேடி அப்பன் துறைமுகத்துக்கு ஓடுவான். கண்டெய்னரைத் திறப்பான். உள்ளே அவள் இருப்பாள், உயிர் இருக்காது. அதற்குப் பிறகு படத்தில் ஒருத்தரும் வாய் திறக்க மாட்டார்கள்.

“பழைய படமாட்ட இருக்குதுங்களே?” என்று வந்து உட்கார்ந்தாள்.

“புதுசுதான். பழசாட்ட எடுத்திருக்கறானுக. இப்ப அதான் பேஷனு.”

பூவாத்தாள் ஒழுங்காகத்தான் வாசித்தாள். கெட்ட வார்த்தை வந்தால் மட்டும் “என்னமோ திட்டறானுங்க” என்று தாண்டினாள். கத்திக்குத்தைக்கூட விடவில்லை. அநியாயமாகச் சந்தேகப்பட்டுவிட்டோமோ என்று அப்புசாமிக்கு வெட்கமாக இருந்தது.

கண்டெய்னர் கதவு கிறீச்சிட்டது. தூரத்தில் கப்பல் ஊதியது. பூவாத்தாளின் வளையல் ஒருமுறை அசைந்து நின்றது.

“என்ன ஆச்சு?”

“சித்த இருங்க. எழுத்து வரோணுமல்லொ.”

எழுத்து வராது என்று அவருக்குத் தெரியும். செத்துப்போச்சுங்க என்று சொல்லிவிடு பூவு, என்று மனதுக்குள் வேண்டிக்கொண்டார். சொல்லிவிட்டால் அந்த இரண்டு ஊசியும் நிஜம்.

“‘வந்துட்டீங்களாப்பா’ன்னு கேக்குதுங்க.”

அப்புசாமி நாற்காலிக் கையை இறுகப் பிடித்தார்.

“அப்பன் என்னங்கறான்?”

“‘நேரமாயிப்போச்சு கண்ணு, கோவிச்சுக்காத’ங்கறானுங்க. ‘பசிக்குதா’ன்னு கேக்கறான்.”

“பூவு.”

“ஏனுங்க?”

“நாளைக்கு வெள்ளகோவில் போலாமா? கனிஷ்காவ ஒருக்காப் பாத்துப்போட்டு வந்தரலாம்.”

“தையிலதான் கண்ணாலமாச்சே, அப்பப் பாத்துக்...” பாதியில் நிறுத்தினாள். “காலைல மொதல் பஸ்ஸுக்கே போயரலாமுங்க.”

படம் முடிந்து பாட்டு வந்துவிட்டது. அப்புசாமி தலையை ஒருபுறம் சாய்த்து, கண்ணின் ஓரத்தில் மனைவியைப் பிடித்தார். பாதிக் கன்னமும் மூக்குத்தியும் கிடைத்தன. கறுப்புத் திரையில் வேலை செய்தவர்களின் பெயர்கள் வரிசையாக மேலே போய்க்கொண்டிருந்தன. அவற்றைப் பார்த்தபடியே பூவாத்தாள் அவசரமில்லாமல் வாசித்துக்கொண்டிருந்தாள்.

“ரெண்டு பேரும் ரோட்டத் தாண்டறாங்க. லாரி நெறைய வருது. ‘கைய உட்டராதீங்கப்பா’ங்குது.”