சிவப்பு செட்டா, கறுப்பு செட்டா

கேபிள் டிவி வந்த பிறகு சரோஜம்மாளின் வீடியோ லைப்ரரிக்கு ஆள் வருவது குறைந்துபோனது. கிருஷ்ணகிரி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருந்த அந்தச் சின்னக் கடையில் ஒரு காலத்தில் வெள்ளிக்கிழமை சாயங்காலம் நிற்க இடம் கிடைக்காது. தொண்ணூற்று நான்கில் கேசட்டுகளைத் துடைத்து அடுக்குவதுதான் அவளுக்கு வேலையாக இருந்தது. கடையை மூடிவிடலாம் என்றான் அவள் கணவன் ராஜப்பன். அவன் கிரானைட் பாலிஷ் கம்பெனியில் சூப்பர்வைசர். அவளுக்கு மூட மனமில்லை. வீடியோ டெக்கை வாடகைக்கு விட்டதுபோல வீடியோ கேமையும் விட்டால் என்ன என்று யோசித்தாள்.

பெங்களூரில் மெஜஸ்டிக் பக்கம் கடை வைத்திருந்த திம்மராயனிடம்தான் அவள் காலி கேசட் வாங்குவாள். விஷயத்தைச் சொன்னதும் அவன் இரண்டு செட்டை எடுத்து வைத்தான்.

"ஒந்து வாரா நோடம்மா," என்று கன்னடத்தில் தொடங்கியவன் தமிழுக்கு மாறினான். "ஒரு வாரம் ரெண்டையும் வெச்சுப் பாருங்க. ஒண்ணை வெச்சுக்கிட்டு இன்னொண்ணைத் திருப்பிக் குடுங்க."

சிவப்பும் வெள்ளையுமாக இருந்தது எட்டு பிட், தைவானில் செய்த நகல். மஞ்சள் கேசட் ஒன்றிலேயே ஏகப்பட்ட ஆட்டம் இருந்தது. கறுப்பாகப் பளபளத்தது செகா கம்பெனியுடையது, பதினாறு பிட், படம் இன்னும் தெளிவு. யாரோ ஜப்பானிலிருந்து கொண்டுவந்தது. அதற்கு ஒரே ஒரு கேசட்தான், கார் பந்தயம்.

"இந்தக் கறுப்பை மட்டும் நேரா நம்ம பிளக்குல சொருகிடாதீங்க," என்று திம்மராயன் எச்சரித்தான். "ஜப்பான்ல கரண்ட் கம்மி. கரண்டைக் குறைக்கிற இந்த வெள்ளை டப்பாவை நடுவுல போட்டு, அதுலதான் இதோட அடாப்டரைச் சொருகணும்."

முதல் நாளே கணவனும் மனைவியும் கட்சி பிரிந்துவிட்டார்கள். ராஜப்பன் வேலை முடிந்து நேராகக் கடைக்கு வந்து, முகம்கூடக் கழுவாமல் அங்கிருந்த டிவியில் கறுப்பு செட்டை மாட்டி உட்கார்ந்துவிடுவான்.

"மலை பாரு, வானம் பாரு. நெஜமாவே ரோட்டுல போற மாதிரி இருக்குது. அந்தச் சிவப்புல எல்லாம் கட்டம் கட்டமாத் தெரியுது."

"ஒரே ரோட்டுல எத்தினி நாளைக்கு ஓட்டுவீங்க?" என்பாள் சரோஜம்மாள். "சிவப்புல ஒரு ஆட்டம் சலிச்சா இன்னொண்ணு. ரெண்டு பேர் சேர்ந்தும் ஆடலாம். வாடகைக்கு எடுக்கிறவங்க அதைத்தான் பார்ப்பாங்க."

பேசித் தீராததால், இரண்டையும் வாடகைக்கு விட்டுப் பார்க்கலாம் என்று முடிவு செய்தார்கள்.

சிவப்பு செட்டை முதலில் எடுத்தவன் குருபரப்பள்ளி சென்னப்பன். ஓசூரில் வண்டி உதிரிபாகம் செய்யும் கம்பெனியில் வெல்டர். கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. அவன் இரண்டாவது ஷிப்டுக்குப் போனால் அவன் மனைவி ராஜாத்திக்கு வீட்டில் பேச்சுத்துணை கிடையாது. அவளுக்காகத்தான் எடுத்துப் போனான். மறுநாள் திருப்பிக் கொடுக்க வந்தபோது சிரித்தான்.

"எனக்கு ஆடவே குடுக்கலக்கா. சோறு ஆக்கறதுக்குக்கூட எந்திரிக்கல."

வெள்ளிக்கிழமை அவன் மறுபடி வந்தான். சரோஜம்மாள் ஒரு வளைகாப்புக்காகக் காவேரிப்பட்டணம் போயிருந்தாள். கடையில் இருந்த ராஜப்பன், "அதையே ஏம்ப்பா எடுக்கிற? இதை ஆடிப் பாரு, அப்புறம் சொல்லு," என்று கறுப்பு செட்டைப் பையில் போட்டுக் கொடுத்து அனுப்பினான்.

சனிக்கிழமை சாயங்காலம் அது திரும்பி வந்திருக்க வேண்டும். வரவில்லை. ஞாயிறும் வரவில்லை. கடையிலிருந்த அத்தனை கேசட்டையும் விற்றாலும் அந்த செட்டின் விலை தேறாது. சரோஜம்மாளுக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

"போலீஸ்ல சொல்லிடலாம்," என்றான் ராஜப்பன்.

"நல்ல பையங்க அவன். போய்ப் பார்த்துட்டு வரலாம்."

திங்கட்கிழமை ராஜப்பன் லீவு போட்டான். இருவரும் ஓசூர் பஸ்ஸில் ஏறிக் குருபரப்பள்ளியில் இறங்கினார்கள். ரோட்டோரம் பஞ்சர் கடைக்குப் பின்னால் சென்னப்பன் வீடு. பூட்டியிருந்தது. பக்கத்து வீட்டில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த கெம்பம்மா என்ற பெண் எட்டிப் பார்த்தாள்.

"காலையில வேப்பனப்பள்ளி கெளம்பிட்டாங்களே, அந்தப் பொண்ணோட அம்மா ஊருக்கு. அவ ரெண்டு நாளா ஒரே அழுகை. என்னான்னு கேட்டா சொல்லல. கையில பெரிய பை ஒண்ணு வெச்சிருந்தாங்க."

ராஜப்பன் மனைவியைப் பார்த்தான். "பையோட போயிட்டான். இன்னும் நல்ல பையன்னு சொல்றியா? நேரா ஸ்டேஷனுக்குப் போலாம் வா."

சரோஜம்மாளுக்கும் நம்பிக்கை ஆட்டம் கண்டுவிட்டது. ஆனால் திருடியவன் மனைவி ஏன் இரண்டு நாளாக அழ வேண்டும்?

"வேப்பனப்பள்ளி என்ன வெளிநாட்டுலயா இருக்குது? பஸ் வருது, ஏறுங்க," என்றாள்.

வழியெல்லாம் மாந்தோப்பு. பூ உதிர்ந்து பிஞ்சு பிடித்திருந்தது. ராஜப்பன் எதையும் பார்க்காமல் முன் சீட்டுக் கம்பியைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தான். வேப்பனப்பள்ளியில் இறங்கியதுமே, எதிரில் பூட்டிக் கிடந்த ரேடியோ ரிப்பேர் கடையின் வாசலில் சென்னப்பன் உட்கார்ந்திருப்பது தெரிந்தது. அருகில் ராஜாத்தி. அவள் மடியில் அந்தப் பை.

சென்னப்பன் சட்டென்று எழுந்தான். ஓடவில்லை. கையெடுத்துக் கும்பிட்டான்.

"அக்கா, நானே வரலாம்னுதான்... எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு வர்றது? செட்டு போயிடுச்சுக்கா."

"போயிடுச்சுன்னா?"

ராஜாத்திதான் சொன்னாள். "டிவில மாட்டிப் போட்டோம். படம் வந்துச்சு, கலரு வரல. கொஞ்ச நேரம் ஆடியிருப்பேன், கருகின வாசனை அடிச்சுது. அடாப்டர்ல பொகை. அவ்வளவுதான், எல்லாம் நின்னுபோச்சு. சித்தப்பா மகன் ரேடியோ ரிப்பேர் பண்றவரு. அவருகிட்ட காட்டிச் சரி பண்ணிக் கொண்டாந்து குடுத்துடலாம்னு வந்தோம். அவரு பெங்களூரு போயிருக்காராம். வர்ற வரைக்கும் இங்கயே உக்காந்திருக்கலாம்னு..."

சரோஜம்மாள் பையைத் திறந்து பார்த்தாள். செட் இருந்தது. கேசட் இருந்தது. ஜப்பான் அடாப்டர் ஒரு பக்கம் உருகிப்போயிருந்தது.

"வெள்ளை டப்பாவை மாட்டலயா?"

"எந்த வெள்ளை டப்பாக்கா?" என்று கேட்டான் சென்னப்பன்.

சரோஜம்மாள் மெதுவாகத் திரும்பிக் கணவனைப் பார்த்தாள். ராஜப்பன் நெற்றியில் அடித்துக்கொண்டான்.

"கடை டிவிக்குக் கீழ இருக்குது," என்றான். "நான் அதைப் பையில போடவே இல்ல. அவங்கிட்ட சொல்லவும் இல்ல."

ராஜப்பன் சென்னப்பனின் தோளில் கை வைத்தான்.

"தப்பு என் மேலதாம்ப்பா. உன்னைத் திருடன்னு நெனச்சு ஸ்டேஷனுக்குப் போலாம்னு நின்னேன். மனசுல வெச்சுக்காத."

சென்னப்பன் தலையை ஆட்டினான். ராஜாத்தி மறுபடி அழுதாள். ஆனால் இந்த அழுகை வேறு மாதிரி இருந்தது. பாதியிலேயே மூக்கை உறிஞ்சிக்கொண்டு முகத்தைத் துடைத்துவிட்டாள்.

நான்கு பேரும் ஒரே பஸ்ஸில் கிருஷ்ணகிரி திரும்பினார்கள். யார் மேல் தப்பு என்பது தெளிவாகிவிட்டது. செட் பிழைக்குமா என்பதுதான் தெரியவில்லை. கெட்டுப்போன செட்டைத் திம்மராயன் எப்படித் திரும்ப வாங்குவான்?

கடையைத் திறந்து கறுப்பு செட்டை மேஜையில் வைத்தார்கள். பக்கத்தில் சிவப்பு செட் இருந்தது. சரோஜம்மாள் இரண்டு அடாப்டர்களையும் ஒவ்வொரு கையில் எடுத்துப் பார்த்தாள். கருகியதன் அடியில் ஒன்பது வோல்ட் என்று போட்டிருந்தது. சிவப்பு செட்டினுடையதிலும் அதேதான். செட்டில் சொருகும் முனையும் பார்க்க ஒன்றுபோல இருந்தது. சிவப்பு செட்டின் அடாப்டர் நம் ஊர்க் கரண்டுக்கென்றே செய்தது.

"இதை அதுல போட்டா என்னங்க?"

"வேணாம் சரோஜா. இதுவும் போச்சுன்னா ரெண்டும் போச்சு."

"போனா அடாப்டர்தானே போகும்? செட்டு ஏற்கெனவே செத்துக் கெடக்குது."

அவள் முனையைக் கறுப்பு செட்டின் பின்னால் அழுத்தினாள். சரியாகப் பொருந்தியது. பிளக்கில் போட்டாள். ராஜாத்தி கண்ணை இறுக மூடிக்கொண்டாள். சரோஜம்மாள் பொத்தானைத் தள்ளினாள்.

செட்டின் மேல் சின்னச் சிவப்பு விளக்கு எரிந்தது. டிவியில் நீல எழுத்து வந்தது. அதன் பின்னால் மலையும் வானமும் ரோடும் வந்தன.

சென்னப்பன் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். ராஜப்பன் "அப்பாடா!" என்று சத்தமாகச் சொன்னான். ரோட்டில் போன ஒருவர் நின்று உள்ளே பார்த்தார். சரோஜம்மாளுக்கு மூன்று நாளாக நெஞ்சில் கிடந்த பாரம் இறங்கியது. ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

ராஜாத்தி கண்ணைத் திறந்தவள் டிவியையே பார்த்தாள். "அய்யோ, இதுல கலரு வருதே! எங்க வீட்டுல கறுப்பு வெள்ளையாத்தான் வந்துச்சு. சிவப்பு செட்டுக்கு நல்லா கலரு வந்துச்சே."

சரோஜம்மாளுக்கு அப்போதுதான் உறைத்தது. கடையில் இருந்தது எந்த நாட்டுக் கேசட் போட்டாலும் கலர் காட்டுகிற டிவி. அமெரிக்கக் கேசட் எடுத்துப்போனவர்கள் வீட்டில் கலர் வரவில்லை என்று திருப்பிக்கொண்டு வந்தது நினைவுக்கு வந்தது. ஊரில் பெரும்பாலான வீட்டு டிவிகளில் இந்த ஜப்பான் செட்டுக்கும் அதே கதிதான்.

"ஏங்க," என்றாள் கணவனிடம். "கறுப்பு நல்ல செட்டு, ஒத்துக்கிறேன். ஆனா எடுத்துட்டுப் போறவங்க வீட்டுல கலரும் வராது, டப்பாவை மறந்தா பொகையும் வரும்."

ராஜப்பன் கறுப்பு செட்டின் மூடியைத் தடவிக்கொடுத்தான். "சரி. சிவப்பையே வெச்சுக்கலாம். கறுப்பைத் திருப்பிக் குடுக்கிற வரைக்கும் நான் ஆடிக்கிறேன், விடு."

எஸ்டிடி பூத்திலிருந்து திம்மராயனுக்குப் போன் போட்டு நடந்ததை ஒளிக்காமல் சொன்னாள் சரோஜம்மாள்.

"செட்டு ஓடுதா?" என்று கேட்டான் அவன்.

"ஓடுது. இப்பதான் பார்த்தேன்."

"அப்புறம் என்னம்மா? அடாப்டர் நான் வேற போட்டுக்கிறேன். இது எல்லாரும் பண்றதுதான்."

அவள் திரும்பி வந்தபோது ராஜப்பன் பரோட்டா பொட்டலங்களோடு நின்றிருந்தான். சென்னப்பன் சால்னா வழிய வழியச் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். ராஜாத்தி பொட்டலத்தைப் பிரிக்கவே இல்லை. அடாப்டரைச் சிவப்பு செட்டுக்கு மாற்றி மாட்டிவிட்டு, ராஜப்பனை ஆட்டத்துக்குக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

"அண்ணா, ஒரே ஒரு ஆட்டம். பஸ் வர்றதுக்குள்ள முடிச்சுடலாம்."

"சாப்பிட்டுட்டு ஆடும்மா," என்றாள் சரோஜம்மாள். சொல்லிவிட்டு, தன் பொட்டலத்தைப் பிரித்தாள். நல்ல பசி.