நான் இருக்கேன்

குளிர்பெட்டியின் கண்ணாடியில் படர்ந்த ஈரத்தை ஸ்வீட்லின் துப்பட்டாவால் துடைத்தாள். உள்ளே அண்ணன் பாக்கியசீலனின் முகம் தெளிந்து, மறுபடி மங்கியது. முந்தின நாள் ஸ்ரீவைகுண்டம் பாலத்தில் லாரி மோதியிருந்தது. சட்டைப்பையிலிருந்த அவனுடைய செல்லும் நொறுங்கிவிட்டது.

பந்தலோரம் வந்து நின்ற ஓர் இளைஞன் அவளைப் பைய அழைத்தான். முகம் வெளுத்திருந்தது.

"அக்கா, செத்தது இவங்கதானா?"

செல்லை நீட்டினான். ஆண்கள் ஆண்களைத் தேடிப் பழகும் செயலி. அதில் அண்ணன் சிரித்துக்கொண்டிருந்தான். 'எச்.ஐ.வி. பத்தி என்னன்னாலும் கேளுங்க' என்று கீழே எழுதியிருந்தது. பெயருக்குப் பக்கத்தில் பச்சைப் புள்ளி.

"பஸ் ஸ்டாண்டுல அஞ்சலி போஸ்டரப் பாத்துக்கிட்டு நிக்கேன். அப்பம்தான் இது வருது."

'பயப்படாதீக தம்பி. இன்னைக்கு டெஸ்டுக்கு வந்துருங்க. நான் இருக்கேன்.'

அண்ணன் பேசுவது போலவே இருந்தது. ஸ்வீட்லின் திரும்பிப் பார்த்தாள். கண்ணாடி முழுக்க வெள்ளை பூத்து முகமே தெரியவில்லை. சுகாதார ஆபீஸில் வேலை என்பதற்குமேல் வீட்டில் யாரும் அவனைக் கேட்டதில்லை.

செல்லை வாங்கி, 'யாரு இது?' என்று அனுப்பினாள்.

பந்தலின் கடைசி நாற்காலியில் ஒரு செல் சிணுங்கியது. அண்ணனோடு வேலை பார்க்கும் ரசீத், குனிந்து பார்த்துவிட்டுச் சட்டென்று நிமிர்ந்தான். இருவரும் அருகே போனதும் எழுந்தான்.

"நானும் அவனும் மாத்தி மாத்திப் பாக்குற அக்கவுண்டும்மா. இந்தத் தம்பி பயந்து தள்ளிப்போட்டுக்கிட்டே இருந்தாரு. சீலன், தானும் கூட வாரேன்னதும்தான் சரின்னாரு. அவன் இல்லன்னு எப்படிச் சொல்ல?"

இளைஞன் செல்லை வாங்கிக்கொண்டு வாசலுக்கு நடந்தான்.

"நில்லுங்க தம்பி," என்றாள் ஸ்வீட்லின். "நான் வாரேன்."

"ஏட்டி, பெட்டிய விட்டுட்டு எங்க போற?" உள்ளிருந்து அம்மா சாரம்மாள் கத்தினாள்.

"இங்கனதாம்மா. அண்ணன் சோலிதான். அடக்கத்துக்கு முன்ன வந்துருவேன்."

ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்து முடித்ததும் முடிவுக்காக வராந்தா பெஞ்சில் உட்கார்ந்தார்கள். அவன் ஒரு ஓரம், அவள் மறு ஓரம். கைக்குழந்தையோடு வந்த ஒருத்தி நடுவில் உட்காரப் போனாள்.

"ஆளிருக்கு," என்றான் அவன்.

அவள் தயங்கி ஸ்வீட்லினைப் பார்த்தாள். ஸ்வீட்லின் இன்னும் கொஞ்சம் ஓரமாக ஒதுங்கி உட்கார்ந்தாள்.