ஆணியில் தொங்கிய சட்டை

சிங்காரம் தன் அண்ணனின் துணிமணிகளை ஒவ்வொன்றாக எடுத்து ஒரு பழைய வேட்டியில் மூட்டை கட்டிக்கொண்டிருந்தான். செத்தவர் துணி வீட்டில் தங்கக் கூடாது, பாடையோடு சுடுகாட்டுக்குப் போய்விட வேண்டும். வாசலில் அண்ணன் கொளஞ்சியப்பனைக் கிடத்தியிருந்தார்கள். நேற்று மாலை கரும்புக் கொல்லையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர், பெண்ணாடம் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேருவதற்குள் அடங்கிவிட்டார்.

தலைமாட்டில் இருந்த அவர் மனைவி புஷ்பவள்ளிக்கு ஒப்பாரி காதில் ஏறவில்லை. கொட்டகையில் ஆட்டுக்குட்டி கத்துவதுதான் கேட்டது. பிறந்து நாலு நாள். தாய்க்குத் தலையீத்து, முதல் குட்டி; பெற்ற குட்டியையே முட்டித் தள்ளியது. கொளஞ்சியப்பன்தான் தாயாட்டைக் காலிடுக்கில் நிறுத்தி வேளாவேளைக்குக் குட்டியை ஊட்டவிடுவார். புஷ்பவள்ளி பிடித்தால் உதைக்கும்.

"ஒன்னக் கண்டா அதுக்கு மாமியாளக் கண்டாப்ல இருக்குதுடி" என்று முந்தாநாள்கூடச் சிரித்தார்.

நேற்று மத்தியானத்துக்குப் பிறகு குட்டி பால் குடிக்கவில்லை. காலையில் பாக்கெட் பாலைப் புட்டியில் கொடுத்துப் பார்த்தாள், ரப்பரைத் துப்பிவிட்டது. இப்போது சத்தம் தேய்ந்துகொண்டே வந்தது. ஒரே வீட்டில் இன்னொரு சாவா என்று அவள் மனசு அடித்துக்கொண்டது. எழுந்தாள்.

"பொணத்தப் போட்டுட்டு எங்கடி போற?" என்றாள் நாத்தனார் மாரியம்மாள்.

"குட்டி கத்துது அண்ணி."

சிங்காரத்தின் கை சுவரிலிருந்த ஆணிக்குப் போனது. அண்ணன் கொட்டகைக்கென்றே வைத்திருந்த நீலச் சட்டை. துவைக்கக் கொடுக்கவே மாட்டார்.

"அத மட்டும் குடு தம்பி."

புடவைக்கு மேலே மாட்டிக்கொண்டாள். களையெடுக்கப் போகையில் அவர் சட்டையைப் போட்டுக்கொள்வது வழக்கம்தான். இன்றைக்கு எல்லாரும் பார்த்தார்கள்.

கொட்டகையில் ஆடு அவளைக் கண்டதும் மிரண்டது. சட்டைக் கையை அதன் மூக்கருகே நீட்டினாள். மோந்தது. மறுபடியும் மோந்தது.

"நில்லு தாயி, நில்லு" என்று அவர் சொல்வதையே சொல்லி, காலிடுக்கில் அணைத்துக் குட்டியைக் காம்பில் வைத்தாள். ஆடு நின்றது. குட்டியின் வால் துடிக்க ஆரம்பித்ததும், நேற்றிலிருந்து வராத அழுகை வந்தது. ஆடு மிரளாதபடி சத்தமில்லாமல் அழுதாள்.

சிங்காரம் மூட்டையோடு வந்தான்.

"அண்ணி, தூக்கணும். எல்லாரும் காத்துக்கினு இருக்காங்க."

"இரு தம்பி. இன்னொரு காம்பு இருக்கு."

குட்டி வயிறு நிறைந்து விலகும்வரை அவன் நின்றான். பிறகு தயங்கித் தயங்கி மூட்டையின் முடிச்சை அவிழ்த்தான்.

"சட்டையும் இதுல போவணும் அண்ணி."

புஷ்பவள்ளி கழுத்துப் பித்தானைப் போட்டுக்கொண்டாள்.

"சாயந்திரமும் ஊட்டணும்" என்றாள்.