இல்லாத மனைவிக்குப் பிரசவம்

எங்கள் அலுவலகத்தில் லீவு கொடுப்பது மேலாளர் அல்ல, கணினி. அதற்கான நிரலை எழுதியவனுக்கு நாங்கள் வைத்த பெயர் லாஜிக். வேலையை எப்படிச் செய்வது என்று அவன் கணினிக்குச் சொல்லித்தர மாட்டானாம். இன்னாருக்கு இன்னார் மனைவி, மனைவிக்குப் பிரசவம் என்றால் லீவு உண்டு என்று உண்மைகளையும் விதிகளையும் மட்டும் எழுதிவைப்பான். கேட்டால் அதுவே யோசித்து உண்டு, இல்லை என்று சொல்லிவிடும். அதில் எழுதிவைக்காத எதுவும் அதைப் பொறுத்தவரை உலகத்திலேயே கிடையாது.

கணக்காளரின் மாமனார் இறந்தபோது, அப்படியொரு மாமனாரே இல்லை என்றது. மனுஷன் கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்து நின்றார்.

"பதிவு பண்ணாதது உங்க தப்பு அண்ணே. மெஷின் பொய் சொல்லாது" என்றான் லாஜிக். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பக்கத்து மேஜைக்காரன் என்பதால் பல்லைக் கடித்துக்கொண்டேன்.

போன வாரம் அவன் மனைவிக்கே வலி எடுத்து, ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். தலைப்பிரசவம். பக்கத்தில் இருக்கிறேன் என்று வாக்குக் கொடுத்திருந்தான். அவசரமாக லீவு கேட்டான். 'மனைவி இல்லை. லீவு இல்லை' என்று வந்தது. ஊரார் பெண்டாட்டி பிள்ளைகளை ஒன்றுவிடாமல் ஏற்றியவன் தன் வீட்டை மறந்திருந்தான்.

"சொந்தச் செலவுல சூனியம்" என்று முணுமுணுத்தார் கணக்காளர்.

மேலாளர்கூட இளகிவிட்டார். "யோவ், கிளம்புய்யா. லீவை நான் பாத்துக்கறேன்."

"இருங்க சார், ஒரே வரிதான். சரி பண்ணிட்டுப் போயிடறேன்."

தட்டினான். புருஷன் என்று தன் பெயர் வர வேண்டிய இடத்தில் பதற்றத்தில் 'யாராக இருந்தாலும்' என்று எழுதித் தொலைத்துவிட்டான். அவ்வளவுதான், அந்தப் புண்ணியவதி அலுவலகத்தில் அத்தனை பேருக்கும் மனைவியாகிவிட்டாள். மேலாளருக்கும்தான்.

"அடப்பாவி, என் வீட்டுக்காரிக்குத் தெரிஞ்சா கொலையே விழும்! முதல்ல அழி!"

அழித்தான். மறுபடி எழுதினான். ஒன்றைத் தொட்டால் ஒன்பது உடைந்தது. நடுநடுவே போன் அடித்தது. "அஞ்சு நிமிஷம்மா" என்று வைத்துவிட்டான். போய்த் தொலையேன்டா என்று எனக்கே கத்த வேண்டும்போல இருந்தது.

சாயங்காலம் ஒருவழியாக வந்தது: 'மனைவி உண்டு. லீவு உண்டு.' துள்ளிக் குதித்தவன், பையை மாட்டியபடியே ஸ்பீக்கரில் வீட்டம்மாவை அழைத்தான்.

"லீவு கிடைச்சிருச்சும்மா! இதோ கிளம்பிட்டேன்!"

"பொண்ணு பொறந்து ரொம்ப நேரமாச்சு" என்றது களைத்த குரல். "குழந்தைக்கு அப்பா எங்கன்னு நர்ஸ் கேட்டாங்க. இல்லன்னு சொல்லிட்டேன்."