ஐந்து வாசல் இட்டேரி

...வேட்டி மட்டும் தொங்கினால் போதாது, யாரோ மறந்துவிட்டுப் போனது போலத்தான் இருக்கிறது, பக்கத்தில் ஒரு சேலை வேண்டும், சேலைக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு துண்டு, அப்போதுதான் குடும்பம் என்று கண் நம்பும், என்று நினைத்தபடி கமலாத்தாள் ஆறுச்சாமி வீட்டுக் கொடிக்கயிற்றின் கீழே அண்ணாந்து நின்றாள். வேட்டி அவள் வீட்டுக்காரருடையது, அவர் போய்ச் சேர்ந்த பிறகு பெட்டிக்குள்ளேயே கிடந்தது, அந்துருண்டை வாசம் இன்னும் போகவில்லை, வெயில் ஏறினால் போய்விடும், வழியை அளக்க வருகிற பஞ்சாயத்து ஓவர்சியர் என்ன வேட்டியை மோந்தா பார்க்கப் போகிறார்? ஆனால் ஈரம்... காலையில் துவைத்தது காலையில் ஈரமாகத்தானே இருக்கும், காய்ந்த துணியைக் கொடியில் போட்டுவைக்கிறவர்கள் யார், மறுபடி இறக்கினாள், வாளித் தண்ணீரில் முக்கினாள், பிழிந்து உதறிப் போட்டாள், சொட்டுச் சொட்டாக விழுந்து மண்ணில் ஒரு கோடு போட்டது, இதுதான் சரி.

கேரள எல்லைக்குள் கொழிஞ்சாம்பாறையிலிருந்து பொள்ளாச்சி போகிற பஸ் நிற்கும் தார் ரோட்டிலிருந்து பிரிந்து, இரண்டு பக்கமும் கிளுவை வேலியும் நடுவில் வண்டித் தடமுமாக மண்ணாகவே கிடக்கிற இந்த இட்டேரியில் ஐந்து வீடுகள், கடைசி வீடு அவளுடையது, ஆள் இருப்பதும் அதில் மட்டும்தான். பஞ்சாயத்துக் காசில் இதற்குக் காங்கிரீட் போட வேண்டுமென்றால் இட்டேரிக்குத் தகுதி வேண்டும், இதை அவள் எத்தனை பேருக்குச் சொல்லியிருப்பாள், போனில், கோயில் நோம்பிக்கு வந்தவர்களிடம், பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவர்களிடம்கூட, அடுத்தவன் மண்ணில் பஞ்சாயத்து ஒரு கூடை ஜல்லி கொட்ட முடியாது, கொட்டவும் கூடாது, கொட்டினால் ஆளாளுக்குத் தன் களத்தைப் பூசிக்கொள்வார்கள், அதனால் முதலில் இருபுறமும் நிலம் உள்ளவர்கள் ஆளுக்கு ஒரு துண்டு மண்ணை எழுதிக் கொடுக்க வேண்டும், அதற்கு இங்கே சம்மதபத்திரம் என்று பெயர், பிறகு அந்த வழி பஞ்சாயத்தின் ஆஸ்தி ரெஜிஸ்டரில் ஏற வேண்டும், ஏறிய பிறகு கிராமசபையில் ஒருவர் எழுந்து கேட்க வேண்டும், கேட்டது மினிட்ஸில் வர வேண்டும், அவள்தான் எழுந்து கேட்டாள், மினிட்ஸ் எழுதிய பெண் பக்கத்தில் போய் நின்று ஒவ்வொரு வரியாகப் படித்துக் காட்டச் சொன்னாள். கடைசியாக ஒன்று, அந்த வழியில் ஐந்து குடும்பமாவது குடியிருக்க வேண்டும். ஏன் ஐந்து என்று கேட்டவர்களுக்கு எண்ணிக்கை முக்கியமில்லை, பொருள் முக்கியம் என்று சொல்லுவாள், ஒரே வீட்டுக்குப் போகிற வழி வழியல்ல, அது அந்த வீட்டின் வாசல், ஊர்ப்பணத்தில் ஒருத்தியின் வாசலைப் பூச முடியுமா? முடியாது. நியாயம்தான். நியாயமாக இருப்பதுதான் கஷ்டமாக இருக்கிறது.

ஆறுச்சாமி கோயமுத்தூரில் மகள் வீட்டில். செல்வப்பிரியா குடும்பம் பொள்ளாச்சியில் வீடு கட்டிக்கொண்டு போய்விட்டது. சிலுவைராஜ் சாந்தன்பாறைக்காரர், இங்கே வந்து வீடு வாங்கி, தென்னை சரிப்படாமல் மறுபடி ஏலக்காய்த் தோட்டத்துக்கே போனார். சின்னையண்ணன் திருப்பூரில் மகனோடு. எல்லாருடைய ரேஷன் கார்டும் ஓட்டும் இன்னும் இங்கேதான், நோம்பிக்கு வருகிறார்கள், ஓட்டுப் போட வருகிறார்கள், போகும்போது சாவியை அவளிடம் கொடுத்துவிட்டுப் போகிறார்கள், காகிதப்படி ஐந்து குடும்பம் இருக்கிறது, கண்ணுக்கு மட்டும்தான் இல்லை, கண்ணுக்குக் காட்ட ஒரு காலைப்பொழுது போதாதா? இது பொய்யா... பொய் என்றால் ரேஷன் கார்டும் பொய்தானே. விடிவதற்கு முன்பே எழுந்து ஒவ்வொரு பூட்டாகத் திறந்தாள், ஒட்டடை அடித்தாள், சாணி கரைத்து வாசல் தெளித்தாள், தன் ஆட்டை அவிழ்த்துச் செல்வப்பிரியா வீட்டுக் கட்டுத்தறியில் கட்டினாள், சிலுவைராஜ் வாசலில் பெருக்கியதோடு விட்டாள், அவர்கள் கோலம் போடுகிறவர்கள் இல்லை, ஜன்னலில் கிறிஸ்துமஸுக்குக் கட்டிய காகித நட்சத்திரத்தைத் தூசி தட்டி நேராக்கினாள், அந்தந்த வீடு அந்தந்த வீட்டுக்காரர் மாதிரி இருக்க வேண்டும். சின்னையண்ணன் வாசலில்தான் பெரிய கோலம், சின்னதாகப் போட்டால் விடமாட்டார், ஏங் கமலா, மாவு தீந்துபோச்சா உங்கூட்டுல, என்று சைக்கிளை நிறுத்திவிட்டுக் கேட்பார், கேட்கட்டும் என்று வேலி வரைக்கும் இழுத்துப் போட்டாள், இரண்டு மூலையிலும் தாமரை வைத்தாள், குனிந்து குனிந்து இடுப்பு விட்டுப்போனது, ஆனாலும் நிமிர்ந்து பார்த்தபோது ஐந்து வாசலும் ஈரமாக, திறந்து, வரிசையாக... ரொம்ப நாளைக்குப் பிறகு பசித்தது.

நவீன்குமார் தெளிவாகச் சொல்லிவிட்டான், ஒரே மகன், பெங்களூரிலிருந்து போனில்தான் சொன்னான், ஆனால் முகத்துக்கு நேராகச் சொன்னது போல இருந்தது. இந்த வருசம் வழி வரலைன்னா மழைக்கு முன்னாடி ஊட்டப் பூட்டிட்டு இங்க வந்தரும்மா, போன மழைக்கு ஆட்டோக்காரன் முக்குலயே எறக்கி உட்டுட்டுப் போயி நீ சேத்துல உழுந்து கைய ஒடிச்சுக்கிட்ட, நான் லீவு போட்டுட்டு ஓடியாந்தேன், ஒவ்வொரு தடவையும் முடியுமா? முடியாதுதான். அங்கே போய் இருந்தும் பார்த்தாள், லிப்டில் ஏறுகிறவர்கள் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள், மருமகள் சுஷ்மா நல்ல பெண், எது கேட்டாலும் இருக்கட்டும் அத்தை, நான் பார்த்துக்கொள்கிறேன் என்பாள், மிக்சிக்குள் பிளேடு எப்படிச் சுற்றுகிறது என்று பேரனுக்குக் கழற்றிக் காட்டியபோதுகூட அதையேதான் சொன்னாள், இருக்கட்டும் அத்தை... இங்கேயா அங்கேயா என்று கேட்டால் கமலாத்தாள் இங்கே என்றுதான் சொல்லுவாள், யோசிக்காமல் சொல்லுவாள்.

முக்கில் ஸ்கூட்டர் நின்ற சத்தம். வார்டு மெம்பர் பூவாத்தாள் முன்னால் வந்தாள், பின்னால் ஓவர்சியர் பினு, தொடுபுழைப் பக்கத்துப் பையன், தோளில் பை, கையில் டேப்பு. இந்த வார்டில் எந்த வீட்டில் அடுப்பு எரிகிறது எந்த வீட்டில் எரியவில்லை என்று பூவாத்தாளுக்குத் தெரியாதா, தெரியும், தெரிந்துதான் இடுப்பில் கை வைத்து இட்டேரியை ஒரு தரம் பார்த்தாள். "என்னுங்க்கா, இன்னைக்கு இட்டேரியே கல்யாண ஊடாட்ட இருக்குது." எப்பவும் இப்படித்தானே அம்மிணி, என்றாள் கமலாத்தாள். "ஆமாமா, எப்பவும் இப்படித்தான், நாந்தான் கண்ணுத் தெரியாம இருந்துட்டன்." பினு சிரிக்கவில்லை, அவருக்குப் பாதி புரியவில்லை போல, வேலியிலிருந்து வேலிக்கு அளக்க வேண்டும் என்று டேப்பின் நுனியை நீட்டினார், கமலாத்தாள் ஓடிப்போய்ப் பிடித்துக்கொண்டாள், வேலிக்குள்ள கல் நட்டிருக்குதுங்க சார், அளவு அந்தக் கல்லுலருந்து வரோணும், வேலி போனாப் போவுட்டும், எல்லாரும் கையெழுத்துப் போட்டுக் குடுத்துட்டாங்க, ஆஸ்தி ரெஜிஸ்டர்ல ஏறினதுக்கப்பறம் பையனோ பேரனோ வந்து திருப்பிக் கேக்க முடியாதுங்களே, என்று சொல்லிக்கொண்டே பின்னால் நடந்தாள். "அம்மா, எனக்குப் பதிலா நீங்க ஓவர்சியர் ஆயால் போதுமல்லோ," என்றார் பினு. அவளுக்கு அது பிடித்திருந்தது. இன்னும் சொல்ல வேண்டும் போல இருந்தது.

ஆறுச்சாமி வீட்டைப் பார்த்து, இவிடெ ஆளில்லையா என்று பினு கேட்டார். தேங்கா மண்டிக்கு வேலைக்குப் போயிட்டாருங்க சார், என்றாள். பூவாத்தாள் இருமினாள். "ஆறுச்சாமியண்ணன் வேலைக்குப் போறாரா... பொழைக்கக் கத்துக்கிட்டாரு போங்க." கொடியில் வேட்டி இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது, பினு அதைப் பார்த்தார், எழுதிக்கொண்டார். செல்வப்பிரியா வீட்டில் ஆடு கத்தியது, தன்னைப் பார்த்துத்தான் கத்துகிறது, சனியன், அவிழ்த்துக்கொண்டு போ என்கிறது, யாருக்குத் தெரியப்போகிறது. சிலுவைராஜ் வீட்டு நட்சத்திரத்தை பினு கொஞ்ச நேரம் நின்று பார்த்தார், ஞங்கள் வீட்டிலும் கழற்ற மறந்துபோகும், என்றார், வீட்டு ஞாபகம் வந்திருக்கும், பாவம். இவ்வளவு சுலபமாகவா... ஒரு பொய்கூடப் பெரிதாகச் சொல்ல வேண்டியிருக்கவில்லை, வாசல் திறந்திருந்தால் உள்ளே ஆள் இருப்பதாகத்தானே யாரும் நினைக்கிறார்கள், மனசு அப்படித்தான் வேலை செய்கிறது, பாதியைக் காட்டினால் மீதியைத் தானே போட்டுக்கொள்கிறது.

சின்னையண்ணன் வாசலுக்கு வந்ததும் பூவாத்தாள் நின்றாள். கோலத்தைப் பார்த்தாள், வேலி வரைக்கும் போன கம்பிகளை, மூலைத் தாமரைகளை. அப்புறம் கமலாத்தாளைப் பார்த்தாள், அந்த முகத்தில் கேலி இல்லை. பக்கத்தில் வந்து தணிந்த குரலில், "அக்கா... சின்னையண்ணன் தவறி இன்னம் கருமாதிகூட ஆகலீங்களே," என்றாள்.

கையில் டேப்பின் நுனி இருந்தது, பினு அந்தப் பக்கம் இழுத்தார், இவள் விடவில்லை, அவர் மறுபடி மெதுவாக இழுத்தார். ஆகவில்லை. போன ஞாயிற்றுக்கிழமைதானே, திருப்பூரில் மகன் குடியிருக்கிற அப்பார்ட்மெண்ட் கீழே, வண்டிகள் நிறுத்துகிற இடத்தில், வாடகைக்கு எடுத்த கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருந்தார்கள், இவளும் பூவாத்தாளும் ஒரே காரில்தான் போனார்கள், இவள் பெட்டியின் மேலே கை வைத்தாள், சில்லென்று இருந்தது, அந்தப் பெட்டிக்குக் குளிர் எங்கிருந்து வருகிறது என்று மோட்டாரை எட்டிப் பார்த்ததுகூட ஞாபகம் இருக்கிறது, எல்லாம் ஞாபகம் இருக்கிறது. எழவு விழுந்த வீட்டு வாசலில் கருமாதி கழிகிற வரைக்கும் கோலம் போடுவார்களா யாராவது, சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும், சிலுவைராஜ் வாசலுக்கு வேண்டாம் என்று யோசித்தவளுக்கு இது எப்படி... எந்தா பிரச்சனம் என்று பினு கேட்டார். "ஒண்ணுமில்லீங்க சார், கோலம் நல்லா வந்திருக்குதுன்னு சொன்னன்," என்றாள் பூவாத்தாள். ஆமா, நல்ல கோலம், என்று பினு போனை எடுத்தார், வீட்டோடு ஒரு படம் வேண்டும், இடம் நேரம் எல்லாம் படத்திலேயே விழும், அம்மா அங்ஙனெ நிக்கூ, கோலம் முழுசாத் தெரியட்டும். நின்றாள்.

தகுதி உண்டும்மா, ரிப்போர்ட் நான் எழுதிடாம், மழைக்கு முன்னே பணி தொடங்கும், என்றுவிட்டு பினு முக்குக்கு நடந்தார். பூவாத்தாள் கொஞ்சம் பின்தங்கினாள். "வெளிய சொல்ல மாட்டனுங்க்கா. போட்டது போட்டாச்சு, தண்ணி ஊத்தி உட்ருங்க." போனவள் திரும்பி வந்தாள், "வெறும் வவுத்தோட இருக்கீங்களா, மூஞ்சியே சரியில்ல, ஏதாச்சும் தின்னுங்க," என்றாள், ஸ்கூட்டர் சத்தம் தார் ரோட்டில் ஏறிக் கரைந்தது.

வாளியை எடுத்துக்கொண்டு கமலாத்தாள் அந்த வாசலில் உட்கார்ந்தாள். மறக்கவில்லையே, மறந்தால்தானே மறதி, காலையில் அவரோடு பேசிக்கொண்டல்லவா இருந்தாள், மாவு தீர்ந்துபோச்சா என்று அவர் கேட்கிற மாதிரி, இவள் பதில் சொல்கிற மாதிரி, பதில்கூடச் சத்தமாகத்தான் சொன்னாளோ... ஓவர்சியருக்குக் காட்டுவதற்காகத் திறந்த வாசலில் முதலில் ஏமாந்தது யார். தண்ணீரைச் சரித்தாள், மாவு வெள்ளையாகக் கரைந்து வண்டித் தடத்தில் இறங்கியது, அப்போதுதான் இடுப்பில் போன் அடித்தது, நவீன்.

"என்னம்மா, ஓவர்சியர் வந்தாரா?" வந்தாரு கண்ணு, அளந்தாரு, தகுதி உண்டுன்னு சொல்லீட்டுப் போயிட்டாரு. அந்தப் பக்கம் ஒரு மூச்சு, நீளமாக, தோளிலிருந்து மூட்டையை இறக்கி வைத்தவன் விடுகிற மாதிரி. "அப்பாடா. ரொம்ப நல்லதாப் போச்சும்மா. இனி நீ அங்கயே இருந்துக்கலாம். இரு, சுஷ்மாகிட்டச் சொல்லீர்றேன்," என்று போனை மூடாமலே உள்ளே கூப்பிட்டுச் சொன்னான், உள்ளேயிருந்து சுஷ்மா ஏதோ சொன்னாள், சிரிப்பு போல இருந்தது. தனக்காகத்தான் சந்தோசப்படுகிறார்கள், வேறென்ன, அம்மா ஆசைப்பட்டது அம்மாவுக்குக் கிடைத்தது, அதற்குத்தான்... இன்னம் முடியல கண்ணு, என்று அவள் ஆரம்பித்தாள், ரிப்போர்ட் போகோணும், கமிட்டில வெக்கோணும், எஸ்டிமேட் போடோணும், டெண்டர் உடோணும், ஒவ்வொன்றையும் ஏன் அது வேண்டும் என்று காரணத்தோடு சொன்னாள், அவன் ம் என்றான், ம் என்றான், தான் நீட்டிக்கொண்டே போவது அவளுக்கே தெரிந்தது, எந்த இடத்தில் நிறுத்துவது என்றுதான் தெரியவில்லை. கடைசியில், அவளே நினைத்திராத ஒன்றைச் சொன்னாள். "அப்பறம் கண்ணு, சின்னையண்ணன் இல்லையல்ல, அப்ப நாலு ஊடுதான ஆகுது. தகுதி செல்லுமோ என்னமோ."

"அதெல்லாம் ஒண்ணும் ஆகாதும்மா," என்றான் நவீன், இவள் முடிப்பதற்குள். "அவரு பையன் பேரு அதே கார்டுல இருக்குதல்ல. குடும்பந்தான் கணக்கு, ஆளில்ல."

சரிதான். விதி அதுதான், அவளேதான் யாரிடமோ அப்படிச் சொல்லியிருக்கிறாள். ஆனால் அவனிடம் சொன்னதாக ஞாபகமில்லை, எப்போது சொல்ல ஆரம்பித்தாலும் மீட்டிங் இருக்கும்மா என்றுதானே வைத்துவிடுவான், ஒரு விதியையும் முழுசாகக் கேட்டதில்லையே, இதை மட்டும் எங்கே போய்த் தெரிந்துகொண்டான், எதற்காக... "அம்மா, கேக்குதா?" என்றான். கேக்குது கண்ணு, என்றாள் கமலாத்தாள்.