குலிசார் அடித்த பிறைக்கத்தி

வெள்ளிக்கிழமையோடு கபாப் கடையை இழுத்து மூடப்போகிறேன் என்று கணவன் ஒக்கேஷ் சொன்னபோது குலிசார் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். கண்ணீர் எதனால் வந்தது என்று அவனுக்குத் தெரியாமல் போனதும் நல்லதுதான்.

மூன்று மாதத்துக்கு முன் படியில் உருண்டதில் அவன் வலது தோள் போயிற்று. எலும்பு கூடிவிட்டது, ஆனால் கை மார்புக்கு மேல் எழ மாட்டேன் என்கிறது. கபாப் கடைக்காரனுக்குத் தோள் இல்லாவிட்டால் என்ன மிச்சம்? துருக்கியின் ஆன்டெப் ஊரில் யந்திரத்தில் அரைத்த கறியை வைத்தால், வந்தவன் முதல் வாயிலேயே தட்டைத் தள்ளிவிட்டு எழுந்துவிடுவான். ஆட்டுக்கறியையும் வால்கொழுப்பையும் முழங்கை நீளப் பிறைக்கத்தியால்தான் கொத்த வேண்டும். ஒக்கேஷின் கத்தியோ இரும்புப் பாளம். குலிசாரால் அதைக் கழுவி வைக்கத்தான் முடியும்.

ஆள் வைத்துப் பார்க்காமலும் இல்லை. ஒருவனை மூன்றாம் நாள் விரட்டினான், இன்னொருவனை முதல் நாள் மத்தியானமே விரட்டினான். "கறியக் கொத்தச் சொன்னா களி கிண்டுறான்!" கை விழுந்தும் வாய் மட்டும் விழவில்லை, பாவி மனுஷனுக்கு. ஆனால் கடை போனால் அந்த வாயும் போய்விடும், மூலையில் உட்கார்ந்து சுவரைப் பார்ப்பான். இருபத்தாறு வருடம் கூட வாழ்ந்தவளுக்கு இது தெரியாதா?

திங்கட்கிழமை காலையிலேயே கத்தி அடிக்கும் மெமிக்கின் பட்டறைக்குப் போய் நின்றாள்.

"தம்பி, எடை கம்மியா ஒரு பிறைக்கத்தி அடிச்சுக் குடு. எங்க வீட்டு ஆளு தூக்குற மாதிரி."

இருபத்தைந்து வயது மெமிக்குக்குத் தொழில் கர்வம் கொஞ்சம் அதிகம். "அக்கா, வெட்டுறதே எடைதான். பாதி எடையில அடிச்சா அதுக்குப் பேரு கத்தி இல்ல, விசிறி. அதுல என் முத்திரையக் குத்த மாட்டேன்."

"உன் முத்திரை யாருக்கு வேணும்? உலையக் குடு, நானே அடிச்சுக்கிறேன்."

"நீங்களா?"

"ஏன், சுத்தியல் மீசை கேக்குமா?"

அவன் லாரியிலிருந்து கழற்றிய மெல்லிய வில்பட்டை ஒன்றை எடுத்துப் போட்டான். முதல் நாள் அவள் அடித்த அடியில் பாதி இரும்பில் விழவில்லை. இரண்டாம் நாள் உள்ளங்கை கொப்பளித்தது, துணியைச் சுற்றிக்கொண்டு அடித்தாள். மெமிக் முணுமுணுத்துக்கொண்டே பட்டையைக் குறடால் பிடித்துக்கொடுத்தான். ஒருவழியாக அது வளைந்து பிறையாயிற்று.

புதன்கிழமை தோய்ச்சல் போட வேண்டும். கத்தியைப் பழுக்கக் காய்ச்சி எண்ணெயில் முக்கினால்தான் விளிம்பு இறுகும். மெமிக் உலைப் பக்கம் வந்ததும் குலிசார் தடுத்தாள். "நெருப்பப் பத்தி எனக்கே சொல்லித் தரியா? நீ பொறக்குறதுக்கு முந்தியே கரி மூட்டுனவ நான்." கொழுந்து அடங்கட்டும் என்று பொறுமையாகக் காத்திருந்தாள். கரி மேல் வெள்ளையாகச் சாம்பல் பூத்த பிறகு கத்தியை வைத்தாள். மங்கலாகச் சிவந்ததும் எடுத்து எண்ணெயில் முக்கினாள்.

மெமிக் விளிம்பில் அரத்தை ஓட்டினான். வழுக்க வேண்டிய அரம் கறகறவென்று கடித்தது. விளிம்பு இறுகவே இல்லை.

"அக்கா, சாம்பல் பூக்குற வரைக்குமா காத்திருந்தீங்க?"

"பின்ன? கொழுந்துவிட்டு எரியுற தீயில யாராவது வைப்பாங்களா? கருகிப் போயி..." பாதியில் வாயைப் பொத்திக்கொண்டாள்.

அவன் சிரித்த சிரிப்பில், பக்கத்துக் கடையில் செம்புப் பாத்திரம் தட்டுகிறவர்கள் சுத்தியலை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தார்கள். "கத்தியவே கபாப் போட்டுட்டாங்கப்பா!"

"சிரிக்காதடா கழுதை! துருத்திய ஊது!"

அவமானமும் ஆத்திரமுமாக மறுபடி காய்ச்சினாள். இந்த முறை தீ சீறியது, கத்தி ஆரஞ்சுப் பழ நிறத்துக்கு வந்தது, எண்ணெய் பொங்கியது. அரம் வழுக்கிக்கொண்டு ஓடியபோது அவளுக்கு ஆடிப் பாடலாம் போல இருந்தது. இறுகிய விளிம்பு ஒடியாதபடி விறைப்பு கொஞ்சம் தணிய, ரொட்டிக்கடைக்காரரிடம் சொல்லி, ரொட்டி எடுத்தபின் ஆறிவரும் அடுப்பில் ஒரு மணி நேரம் கத்தியை வைத்தாள். வியாழன் முழுக்க வாதுமைக் கட்டையில் கைப்பிடி இழைத்தாள். பிடித்துப் பார்ப்பாள், உறுத்துகிற இடத்தைச் சீவுவாள், மறுபடி பிடித்துப் பார்ப்பாள்.

வெள்ளி காலையில் கத்தியைக் கறிப்பலகை மேல் வைத்தாள். கத்தியைக் கைக்குக் கை கொடுத்தால் சண்டை வரும் என்பார்கள் அந்த ஊரில். இருக்கிற சண்டை போதாதா?

ஒக்கேஷ் எடுத்துப் பலகையில் கிடந்த கறியைக் கொத்தினான். ஒரு வீச்சு, இரண்டு வீச்சு. மூன்றாவதில் தோள் பூட்டிக்கொண்டது. நெற்றி வேர்த்தது. கத்தியை மெதுவாகக் கீழே வைத்தான்.

"முடியல, குலிசார்."

எப்போதும் கத்துகிறவன் இப்படித் தணிந்து சொன்னதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. "நாலு நாளு! என் கையப் பாரு மனுஷா!" என்று அலறி, கத்தியைப் பிடுங்கி, இருந்த ஆத்திரத்தையெல்லாம் கறி மேல் இறக்கினாள்.

"அமுக்காத," என்றான் ஒக்கேஷ்.

"நீ பேசாத!"

"அமுக்காதடி. அதுவா நடக்கும், விடு. நுனி பலகைய விட்டு எழக் கூடாது."

விட்டாள். கத்தி நடந்தது. டக் டக் டக்கென்று ஒரே சீராகப் பலகையின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் போய் வந்தது. அவன் ஒரு சிட்டிகை கறியை விரலில் உருட்டிப் பார்த்தான். கொஞ்சத்தைக் கம்பியில் பிடித்துச் சுட்டான். நின்றபடியே தின்றான். பிறகு கத்தியை எடுத்துக் கைப்பிடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"இதுக்கு யாரு கைய அளவெடுத்த?"

"உன் கைய நெனச்சுத்தான்..."

"என் விரல் ரெண்டு வெளிய நிக்குதே."

குலிசார் பார்த்தாள். ஆமாம். வியாழன் முழுக்கப் பிடித்துப் பார்த்தது யார்? அவள்தானே! அவனுக்கென்று நினைத்து நினைத்துத் தன் கைக்கே இழைத்து வைத்திருக்கிறாள். வெட்கத்தில் முகம் சிவந்தது.

ஒக்கேஷ் சிரித்தான். மூன்று மாதத்தில் முதல் சிரிப்பு, தோள் வலிக்க வலிக்க. போனை எடுத்துக் கறிக்கடைக்காரனைக் கூப்பிட்டான்.

"நாளைக்கு ஆறு கிலோ அனுப்பு. வால்கொழுப்பு தனியா... யாரு மூடுறா? நான் மூடல... யந்திரமா? வாயக் கழுவு! என் பொண்டாட்டி கொத்துறா." மறுமுனையில் என்ன சொன்னானோ, ஒக்கேஷ் தெருவுக்கே கேட்கும்படி கத்தினான். "ஆமாய்யா, பொண்டாட்டிதான்! வந்து தின்னுட்டுப் பேசு!"

குலிசார் கண்ணைத் துடைத்துக்கொண்டு கத்தியை எடுத்தாள். கறி இன்னும் பாதி கிடந்தது.